டயாலிசிஸ் முறையைத் தேர்ந்தெடுக்க மொபைல் ஆப் உண்மையிலேயே உதவுமா?

அம்மாவுக்குச் சிறுநீரகம் சரியில்லாமல் கிரியாட்டினின் என்ற ரத்தக் கழிவு ஏறிக்கொண்டே போகிறது, ரத்த டயாலிசிஸா வயிற்று டயாலிசிஸா என்று முடிவு செய்யச் சொல்லிவிட்டார்கள், ஏதாவது ஆப் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்னது ரத்தத்தை சென்டரில் மெஷின் வழியாகச் சுத்தம் செய்வது, பின்னது குழாய் வழியாக வயிற்றுக்குள் திரவம் விட்டு, கழிவோடு பையில் வடித்தெடுப்பது, வீட்டிலேயே செய்யலாம். உதவும், ஆனால் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தால்தான். நீங்கள் வெளியூரில் இருந்துகொண்டு, ராத்திரி வேலை முடிந்து ஒவ்வொரு ஆப்பாக இறக்கிப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் டாக்டர் இல்லை. மருந்து, அளவு எதுவும் சொல்லப்போவதில்லை. எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பச்சிக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஜி.எஃப்.ஆர். 15-க்குக் கீழே இறங்கியதும், டயாலிசிஸுக்குத் தயாராகுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பச்சியும் அம்மாவும் கானாடுகாத்தான் பக்கம் கிராமத்து வீட்டில் இருக்கிறார்கள். நான் காரைக்குடியில். அண்ணன் சிங்கப்பூரில். செய்தி தெரிந்த அன்றே அண்ணன் குடும்ப வாட்ஸ்அப்பில் வரிசையாக ஆப் லிங்க் போட்டார். பாதிக்கு மேல் வயதும் கிரியாட்டினினும் போட்டால் ஜி.எஃப்.ஆர். கணக்கிட்டுத் தருபவை. சில, எந்த உணவில் எவ்வளவு பொட்டாசியம் என்று சொல்பவை. அவற்றில் நம் வீட்டு மண்டியும் கிடையாது, கவுனி அரிசியும் கிடையாது. ஒன்று போன் நம்பர் கேட்டது. கொடுத்த மறுநாளே ஏதோ ஒரு டயாலிசிஸ் சென்டரிலிருந்து, "எப்ப சேர்க்கிறீங்க மேடம்" என்று அழைப்பு. பயந்துபோய் இருக்கிற குடும்பத்திடம் இப்படி ஆள் பிடிப்பது அநியாயம். நம்பர் கேட்கிற ஆப் பக்கமே போகாதீர்கள்.

உபயோகப்பட்டது ஒன்றுதான். அமெரிக்காவில் மெடிக்கல் எஜுகேஷன் இன்ஸ்டிட்யூட் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு நடத்தும் ‘மை லைஃப், மை டயாலிசிஸ் சாய்ஸ்’. இணையப் பக்கம்தான், போனிலேயே திறக்கும். வேலை, பயணம், தூக்கம், சாப்பாடு என்று வைத்து, இதில் உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்கிறது. நாம் சொன்னதற்கு எந்த டயாலிசிஸ் எவ்வளவு ஒத்துவரும் என்று அப்புறம் காட்டுகிறது. ஆங்கிலத்தில் இருந்ததால் நான் ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்துச் சொல்ல, பட்டாலையில் உட்கார்ந்து அப்பச்சி பதில் சொன்னார்.

அதுவரை பேச்செல்லாம் அவர் தலைக்கு மேலேதான் நடந்தது. அண்ணன், பெரியம்மா வீட்டு அத்தான், எதிர்வீட்டு ஆச்சி எல்லோரும் சேர்ந்து ரத்த டயாலிசிஸ் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். "அங்க நர்ஸ் பாத்துக்குவாங்க, வீட்டுல வச்சு யாரு செய்யிறது?" இதுதான் அவர்கள் நியாயம். அப்பச்சி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கேள்விகள் பாதி போவதற்குள் முழங்கைக்குக் கீழே தடவிக்கொண்டே, "அந்த ஊசிதான் ஆத்தா எனக்குப் பயம்" என்றார். கூட்டாளி ஒருவர் ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் முடிந்து வந்து, மறுநாள் வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். எங்களிடம் சொன்னதே இல்லை. இன்னொன்றும் சொன்னார். ஊர் நகரத்தார் சிவன் கோயில் கணக்கு அவர் பொறுப்பு. சாயரட்சைப் பூஜைக்கு, அதாவது சாயங்காலப் பூஜைக்கு, அவர் போகாத நாள் கிடையாது. ரத்த டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், போக வர வண்டி. அந்த நாட்களில் கோயில் இல்லை என்பதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இதை எந்த ஆப்பும் கண்டுபிடிக்கவில்லை. கேட்டது, அவ்வளவுதான். கேட்க ஆள் இல்லாமல்தான் அவர் இவ்வளவு நாள் வாயே திறக்கவில்லை.

அவர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோனோம். வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்திருக்கிறதா, குடலிறக்கம் இருக்கிறதா, கை நடுங்குகிறதா, கண் தெரிகிறதா என்று அவர் பார்த்தார். போன் திரையில் தெரியாத விஷயங்கள் இவை. வயிற்று டயாலிசிஸ் திரவத்தில் குளுக்கோஸ் இருக்கும், 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று மூன்று வகை. உடம்பு அதில் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், சர்க்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டும் என்பதையும் அவர்தான் விளக்கினார். கடைசியில் வயிற்று டயாலிசிஸே செய்யலாம் என்றார்.

இப்போது அப்பச்சி தானே செய்துகொள்கிறார். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, சோப்புப் போட்டுக் கை கழுவி, மாஸ்க் கட்டிக்கொண்டு உட்காருவார். வடிந்த பையைத் தினத்தந்தி மேல் வைத்து, அடியில் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். கலங்கலாக இருந்தால் தொற்று என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதைப் பார்க்காமல் பையை எடுத்து வைக்க விடமாட்டார்.

ஆப்புக்குத் தெரியாத இன்னொன்று வீடு. ஒரு நாளைக்கு நான்கு பை, பைக்கு 2 லிட்டர். மாதத்துக்கு 240 லிட்டர், அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக வந்து இறங்கும். செட்டிநாட்டு வீட்டில் இடத்துக்கா பஞ்சம் என்பீர்கள். நடு முற்றமான வளவைச் சுற்றி அத்தனை அறை இருந்தும் ஒவ்வொன்றிலும் ஒரு பங்காளியின் பூட்டு. எங்கள் பங்கு அறை நிறைய சீர்ப் பாத்திரம். பக்கத்து அறை சாவியை ஒரு பங்காளியிடம் கேட்டோம். பெட்டி வைக்க மட்டும்தான். "அது எங்க அப்பத்தா இருந்த அறை, ஆஸ்பத்திரி சாமானெல்லாம் வைக்க வேணாம்" என்று பதில் வந்தது. அதே மனிதர், பின்கட்டுத் தேக்குத் தூணைப் பழம்பொருள் வியாபாரிக்கு விலை பேசியபோது கையெழுத்துக்கு மறுநாளே வந்து நின்றார். எத்தனை வீடுகள் இப்படித் தூண் தூணாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்விட்டன! வருஷம் ஒரு முறை முன்னோர் படைப்புக்கு வந்து இலை போட்டுச் சாப்பிட்டுப் போகிறவர்களுக்கு அந்த வீட்டில் உயிரோடு இருக்கிற மனிதர் கண்ணில் படுவதில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் மனதில் இருக்கிறது. பாத்திரங்களைப் பரணில் ஏற்றி எங்கள் அறையிலேயே பெட்டிகளை அடுக்கிவிட்டோம்.

வயிற்று டயாலிசிஸ் இரண்டாம் தரம் என்று கருத்துப் பகுதியில் எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹாங்காங்கில் 1985-லிருந்து அதையே முதலில் கொடுக்கிறார்கள். அதற்காக எல்லோரும் இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. கண் சரியாகத் தெரியாமல், வீட்டில் துணையும் இல்லாதவருக்கு ரத்த டயாலிசிஸே நிம்மதி. வயிற்றில் குழாய் தொங்குவது பிடிக்காது என்றால் அதுவும் நியாயமான காரணம்தான்.

செலவு விஷயத்துக்கு வெளிநாட்டு ஆப்பைப் பார்க்காதீர்கள். பிரதமர் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-ல் ரத்த டயாலிசிஸோடு ஆரம்பித்தது, 2019-ல் வயிற்று டயாலிசிஸும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பை கொடுக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊருக்கு எது கிடைக்கும் என்று அரசு மருத்துவமனையில் நேரில் கேளுங்கள்.

ரொம்ப நாள் தள்ளிப் போடாதீர்கள். ரத்த டயாலிசிஸ் என்று முடிவானால் ஊசி போட வசதியாகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டு அது தயாராகவே பல வாரம் ஆகும். அதற்குள் நிலைமை முற்றினால் கழுத்தில் டியூப் போட வேண்டி வரும், அதில் தொற்றுப் பயம் அதிகம். முடிவாகும் வரை, அம்மா வலது கைக்காரர் என்றால், ஃபிஸ்டுலாவுக்கு வேண்டியிருக்கும் இடது கையில் ரத்தம் எடுக்கவோ டிரிப் போடவோ விடாதீர்கள். லேபில் கேட்காமலே குத்திவிடுவார்கள், நீங்கள்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.