வெளிநாட்டுப் பவுண் வாங்குமுன்: வாசகர் கேள்வி-பதில்

முகநூலில் ஒரு டுபாய்க் கடை, 22 கரட் பவுணை ஊர் விலையிலும் கால்பங்கு குறைத்துத் தருகிறதாம். பாதிக்காசு முற்பணம். நம்பலாமா? (கிளிநொச்சி)

வேண்டாம். தங்கத்துக்கு உலகச் சந்தையில் ஒரே விலைதான். 31.1 கிறாம் அவுன்ஸின் அன்றைய டொலர் விலையை 31.1ஆல் வகுத்து, ஒரு பவுணின் நிறையான 8ஆல் பெருக்குங்கள். அதை 22ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால், ஒரு பவுணில் உள்ள தங்கத்தின் பெறுமதி வந்துவிடும். நாட்டுக்கு நாடு மாறுவது பெரும்பாலும் வரியும் செய்கூலியும்தான். அசல் பவுண் வைத்திருப்பவர் தன் தெருக்கடையிலேயே முழுவிலைக்கு விற்பார். குறைத்து விற்க கிளிநொச்சிவரை ஆள் தேடமாட்டார்.

அன்பளிப்பாக அனுப்பிய நகைப் பொதி சுங்கத்தில் நிற்கிறது, காசு போட்டால் விடுவிப்போம் என்று தொலைபேசி வந்தது. (மாங்குளம்)

பொதியே இல்லை. சுங்கத்தீர்வையை யாரும் தனி ஆளின் வங்கிக் கணக்கில் கட்டுவதில்லை. முதல் தொகையைப் போட்டால் அடுத்து ‘தண்டப்பணம்’, பிறகு ‘காப்புறுதி’ என்று வந்துகொண்டே இருக்கும். தங்கத்தைச் சாதாரண தபாலில் அனுப்பவும் முடியாது.

சென்னையில் இருந்து சங்கிலி எடுப்பிக்கிறோம். 916 முத்திரை இருந்தால் போதுமா? (முல்லைத்தீவு)

போதாது. 916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 கரட். அதை யாரும் அடிக்கலாம். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் ஹோல்மார்க் (தர முத்திரை) நகையில் மூன்று குறிகள் வேண்டும்: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முக்கோணம், 22கே916 என்ற தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. என்ற தனி அடையாள இலக்கம். அந்த ஆறையும் ‘பி.ஐ.எஸ். கெயர்’ செயலியில் போட்டால் நகையின் வகையும் தரமும் வரும். சங்கிலியின் இலக்கத்துக்கு மோதிரம் என்று வந்தால் இலக்கம் களவெடுத்தது. காசு கட்டுமுன், கொக்கிப் பக்கத்தைக் கிட்டப் பிடித்து எடுத்த வீடியோ கேளுங்கள். ‘ஒரு கிறாம் தங்கம்’ என்று வருவது முலாம் மட்டுமே, அடைவுக்கடையில் செல்லாது.

நாணயம் கைக்கு வந்துவிட்டது. காந்தம் ஒட்டவில்லை. அசலா? (புதுக்குடியிருப்பு)

காந்தம் ஒட்டினால் போலி. ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. செம்பிலும் பித்தளையிலும்கூட ஒட்டாது. 0.01 கிறாம் காட்டும் சின்னத் தராசு ஒன்று எடுங்கள். முதலில் நாணயத்தை நிறுங்கள்; அசல் பிரித்தானியப் பவுண் ஏறக்குறைய 7.98 கிறாம் இருக்கும், குறுக்களவு 22 மில்லிமீற்றர். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுவதும் தாழ்த்துங்கள். இந்த நிறைக்கு 22 கரட் என்றால் தராசு 0.45 அல்லது 0.46 காட்டும். வெள்ளி 0.76, பித்தளை 0.9க்கு மேல். நாணயத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் இலக்கம் கூடிக் காட்டும். ஆட்டிவிட்டு மறுபடி பாருங்கள். தங்க்ஸ்டன் என்ற பாரமான உலோகத்தை உள்ளே வைத்த போலி மட்டும் இதற்குத் தப்பும், அதன் அடர்த்தி தங்கத்துக்குக் கிட்ட. பெரிய தொகையென்றால் எக்ஸ்-கதிர் இயந்திரம் உள்ள கடையில் பாருங்கள். அது மேற்பரப்பைத்தான் பார்க்கும் என்பதால் தண்ணீர்ச் சோதனையும் வேண்டும்; தங்க்ஸ்டன் போலி இரண்டுக்குமே தப்பலாம். கல் பதித்த நகைக்கும் உள்ளீடற்ற காப்புக்கும் தண்ணீர்ச் சோதனை சரிவராது.

ஜேர்மனிச் சித்தி கொண்டுவந்த சங்கிலியில் 585 என்று இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (மல்லாவி)

இல்லை, அது 14 கரட். அங்கே வழக்கமான தரம். லண்டனில் 375, அதாவது 9 கரட்டும் விற்கும். 8 கிறாமில் 375 என்றால் சுத்தத் தங்கம் 3 கிறாம், 585 என்றால் 4.7, 916 என்றால் 7.3. அடைவுக்கு அந்தக் கணக்கில்தான் காசு வரும். 22 கரட் விலை கொடுத்து வாங்கியிருந்தால்தான் மோசடி.

கானாவில் இருந்து தங்கத்தூள்? (வவுனியா)

கானாவில் 2025 முதல் சிறுசுரங்கத் தங்கத்தை ஏற்றுமதி செய்யும் உரிமை அரசின் கோல்ட்போட் சபைக்கே. வட்ஸ்அப்பில் விற்பவரிடம் தூளும் இல்லை, உரிமமும் இல்லை.

காசு அனுப்பிவிட்டேன். (பெயர் வேண்டாம்)

இன்றே வங்கிக்குப் போய், பணத்தைத் திருப்பி அழைக்கும்படி எழுத்தில் கேளுங்கள், மணித்தியாலங்கள் முக்கியம். வங்கிக்கு வெளியே உண்டியல்காரர் மூலம் அனுப்பியிருந்தால் அந்த வழி இல்லை. அரட்டையை அழிக்காமல், இலக்கமும் கணக்கெண்ணும் தெரியப் படம் எடுத்துப் பொலிஸில் முறையிடுங்கள். ‘காசை மீட்டுத் தருகிறோம்’ என்று அடுத்த கிழமை ஒருவர் அழைப்பார். அநேகமாக அதே கூட்டம்தான், அவருக்குக் கட்டணம் கட்ட வேண்டாம்.