அரசவை பாலேயும் அதன் இசையும்: கேட்டவையும் பதில்களும்

கே: அந்தக் காலத்து பாலேயிலும் நுனிக்கால் ஆட்டம், குட்டை வெள்ளைப் பாவாடை எல்லாம் உண்டா?

ப: கிடையாது. அதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டுச் சமாசாரம். 16, 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரசவையில் ஆடியவர்கள் பிரபுக்களும் சீமாட்டிகளும்தான், சில சமயம் ராஜாவே ஆடினார். முகமூடியும் கனத்த ஜரிகை உடையுமாக வந்து, அணி மாறி மாறித் தரையில் வட்டம், முக்கோணம் என்று வடிவம் காட்டுவார்கள். மேல்மாடத்தில் இருப்பவர்களுக்குத்தான் முழு அழகும் தெரியும்.

கே: முதல் பாலே எது?

ப: இதில் சண்டை தீராது. 1573-இல் போலந்துத் தூதர்களுக்காக பிரெஞ்சு ராஜாவின் தாய் காத்தரீன் தெ மெதிசி 16 சீமாட்டிகளை ஆட வைத்தார். ஆனால் புத்தகங்கள் சொல்வது 1581 அக்டோபர் 15. ராணி லூயிஸின் தங்கை கல்யாணக் கொண்டாட்டம், பாரிஸின் பெத்தி-பூர்போன் மாளிகையில். மனிதர்களை மிருகமாக்கும் கிரேக்கப் புராண மந்திரக்காரி சிர்சேயின் கதை. இரவு பத்துக்கு ஆரம்பித்து அதிகாலை மூன்றரை வரை போனது. நடத்தியவர் போஜுவாயோ, இத்தாலியிலிருந்து வந்த வயலின்காரர். மறுவருஷமே படங்களோடும் இசையோடும் அச்சாகிவிட்டது. புகழுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

கே: பதினான்காம் லூயி சூரியனாக ஆடினாராமே?

ப: ஆமாம், 1653 பிப்ரவரி 23, 'இரவின் பாலே'. அப்போது அவருக்கு வயது 14. அந்தியில் தொடங்கும் கதை, முடிவில் உதிக்கும் சூரியன் ராஜா. பிரபுக்களின் கலகம் ஓய்ந்துகொண்டிருந்த நேரம். யாருக்குச் சேதி என்று சொல்ல வேண்டியதில்லை. இசைக்காரர் லுல்லியும் அதில் ஆடினார், அடுத்த மாதமே அரசவை வாத்திய இசையமைப்பாளர் பதவி கிடைத்தது. அதற்காக இசை முழுக்க லுல்லி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாட்டுகள் காம்பஃபோர் என்ற இன்னொரு இசையமைப்பாளருடையவை.

கே: அந்த இசையை அப்படியே வாசிக்க முடியுமா?

ப: அப்படியே முடியாது. ராஜாவின் '24 வயலின்கள்' என்ற வாத்தியக் குழு ஐந்து பிரிவாக வாசித்தது: மேலே 6, நடுவில் நான்கு நான்காக மூன்று பிரிவு, அடியில் 6. நடுப் பிரிவு மூன்றும் வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது) வகைதான். சுருதி ஒன்று, உருவம் மட்டும் சிறிதும் பெரிதும். அந்த அடர்த்திதான் இந்த இசையின் ருசி. ஆனால் 'இரவின் பாலே'க்குப் பெரும்பாலும் மேல் வயலின் மெட்டுதான் மிஞ்சியிருக்கிறது. இன்றைய குழுக்கள் மற்றதைத் தாங்களே எழுதி நிரப்பிக்கொள்கின்றன. நன்றாக நிரப்பினால் தப்பில்லை என்பேன்.

கே: ஓர் அடியாவது வீட்டில் ஆடிப் பார்க்கலாமா?

ப: தாராளமாக. அர்போ என்ற பெயரில் ஒரு பாதிரியார் 1589-இல் எழுதிய நூலில் மெட்டின் பக்கத்திலேயே அடவும் இருக்கிறது. அதில் வரும் காலியார்டு என்ற துள்ளாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு எண்ணுங்கள். முதல் நாலில் கால் மாற்றி மாற்றி முன்னால் வீசணும், ஐந்தில் துள்ளல், ஆறில் ஒரு கால் முன்னால் நிற்க இறங்கணும். அப்புறம் அடுத்த காலில் ஆரம்பிங்க. கீழ்வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்து.