கணினி கேள்வி-பதில்

கேள்வி: உபுண்டு இயங்குதளத்தில் ‘தமிழ் (இலங்கை)’ என்றிருந்ததைத் தெரிவுசெய்தேன். கந்தோரில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை வரவில்லை. எழுத்துகள் இடம் மாறி விழுகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ‘இலங்கை’ என்ற பெயர்தான் பலரையும் குழப்புகிறது. ‘தமிழ்நெட் 99’ என்றும் சேர்ந்திருந்தால், அது தமிழ்99 என்ற வேறொரு விசைப்பலகை அமைப்பு, ரெங்கநாதன் அல்ல. உங்களுக்குத் தேவையானது ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற மென்பொருள் பொதியில் இருக்கிறது. மென்பொருள்களை நிறுவ உதவும் சினாப்டிக் செயலியில் அதைத் தேடி நிறுவுங்கள். பிறகு கட்டாயம் லொக்அவுட் செய்து மீண்டும் நுழையுங்கள்; இல்லாவிட்டால் பட்டியலில் தலைகாட்டாது. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

அடுத்து செட்டிங்ஸ், கீபோர்ட், கூட்டல் குறி. மூன்று புள்ளிகளை அழுத்தி, ஆங்கிலத்தில் தமிழ் (Tamil) எனத் தேடி, ‘எல்கே-ரெங்கநாதன்’ (lk-renganathan) என வருவதைச் சேருங்கள். பழையதை நீக்கிவிடுங்கள். சூப்பர் விசையுடன் (விண்டோஸ் குறியுள்ள விசை) ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும்.