பிள்ளைகளின் கதையை மேடையேற்ற வேண்டாம்

கேள்வி: நான் காரைக்குடியில் வசிக்கிறேன். வயது 29. பத்து ஆண்டுகளுக்கு மேல் பரதம் கற்றவள். கல்லூரி நாட்களில் வீதி நாடகங்களில் நடித்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் தங்குமிடத்தில் வீடற்ற பையன்கள் இருபது பேர் அளவில் இருக்கிறார்கள். பதினைந்து வயது முதல் இருபத்திரண்டு வரை. ரயிலில் வந்து இறங்கியவர்கள், பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடந்தவர்கள், பெற்றோரை இழந்தவர்கள். ஞாயிறுதோறும் சம்பளம் இல்லாமல் அவர்களுக்கு நாடகமும் நடனமும் சொல்லிக்கொடுக்க நினைக்கிறேன். ஆறு மாதம் கழித்து அவர்களுடைய வாழ்க்கைக் கதைகளையே நாடகமாக்கி, கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் எங்கள் பெரியப்பச்சி (பெரியப்பா) வீட்டு வளவில் (உள்முற்றத்தில்), சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் உறவினர்கள் முன்னால் நடத்தினால் தங்குமிடத்துக்கு நன்கொடை சேரும் என்பது என் எண்ணம். ஆத்தாவுக்கு இதில் விருப்பமில்லை. "யார் எவரென்று தெரியாத பிள்ளைகள்" என்கிறார். பையன்கள் ஒழுங்காக வருவார்களா என்ற பயம் எனக்கும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? முதல் நாள் சலங்கை எடுத்துப் போகலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கட்டாயம் போங்கள். பத்து ஆண்டு கற்ற கலையை, அதை விலைக்கு வாங்க வழியில்லாத பிள்ளைகளிடம் கொண்டுபோக நினைக்கிறீர்கள். அந்த எண்ணத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் உங்கள் திட்டத்தின் கடைசிப் பகுதியை இப்போதே கைவிட வேண்டும் என்பதே என் முதல் வார்த்தை. அந்தப் பையன்களின் வாழ்க்கைக் கதையை நாடகமாக்காதீர்கள்.

அவர்கள் அந்தக் கதையை ஏற்கெனவே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ரயில்வே போலீஸ் கேட்டிருக்கும். குழந்தைகள் நலக் குழு கேட்டிருக்கும். விடுதிக் காப்பாளர் கேட்டிருப்பார். பிறந்தநாள் சாப்பாடு போட வந்தவர்கள் இலை போடுவதற்கு முன்னால் "நீ எப்படித் தம்பி இங்கே வந்தாய்?" என்று கேட்டிருப்பார்கள். சோற்றுக்குக் கொடுக்கும் விலையாகவே தன் கதையைச் சொல்லிப் பழகிவிட்ட பிள்ளைகள் அவர்கள். அப்பா அடித்த இரவை ஒரு பையன் நடித்துக் காட்ட, வெளியூர் விருந்தினர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பணம் கொடுத்தால், அங்கே விற்கப்பட்டது எது என்பது அவனுக்குத் தெளிவாகப் புரியும். நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவன் நினைப்பான்.

கொடுப்பதற்கு உங்கள் பக்கத்திலேயே வேறொன்று இருக்கிறது. காரைக்குடி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறதே ஸ்பெஷல் நாடகம், அதைச் சொல்கிறேன். அரிச்சந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டை இழந்து, மனைவியையும் மகனையும் விற்று, சுடுகாட்டில் காவல் நிற்கிறான். வீட்டை இழந்த பையனுக்கு அந்த வேஷத்தைக் கொடுத்துப் பாருங்கள். தன் துக்கத்தை அதற்குள் வைக்க விரும்பினால் வைப்பான்; விரும்பாவிட்டால் ராஜபார்ட்டாக நின்று பாடிவிட்டுப் போவான். எதை வைத்தான் என்று நீங்களும் கேட்கக் கூடாது, நானும் கேட்கக் கூடாது. வள்ளி திருமணத்தில் முருகன் வேடனாகிறான், வேங்கை மரமாகிறான், கிழவனாகிறான். எல்லோரும் "நீ யார், எந்த ஊர்" என்று குடைந்து குடைந்து கேட்ட ஒரு பிள்ளைக்கு, தான் யாரென்று சொல்லாமலே மேடையை ஆளுகிற வேஷம் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

பையன்கள் ஒழுங்காக வருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வர மாட்டார்கள். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு பயிற்சியை அமைக்க வேண்டும். அவர்களில் வேலைக்குப் போகிறவர்கள் முகூர்த்த நாட்களில் கல்யாணப் பந்தியில் பரிமாறப் போவார்கள். செட்டிநாட்டில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் அன்று உங்கள் முன்னால் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே கிழமையை நீங்கள் தீர்மானிக்காதீர்கள், அவர்களிடம் கேளுங்கள். வாரநாளில் மாலை ஆறரை மணி என்று சொன்னால் அதற்கு உங்கள் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவன் வேறு ஊருக்கே போய்விடலாம், புதிதாக ஒருவன் வந்து சேரலாம். குறிப்பிட்ட ஒரு பையன் இல்லாவிட்டால் நின்றுபோகும் நாடகத்தை எழுதினால் ஆறு மாதத்தில் உங்கள் மனம்தான் ஒடிந்துபோகும்.

இதற்கும் ஸ்பெஷல் நாடகமே வழி காட்டுகிறது. அதில் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, பபூன் இன்னோர் ஊரிலிருந்து. ஒத்திகை இல்லை. பலரும் அன்று இரவு மேடையில்தான் சந்திக்கிறார்கள். நாடகத்தின் கட்டமைப்பு எல்லோருக்கும் தெரியும், அவரவர் பாட்டு அவரவருக்குத் தெரியும். நடுவில் வரும் தர்க்கத்தை அந்த நேரத்தில் பேசிக் கட்டுகிறார்கள். ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடி, தடுமாறுகிறவரைக் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். நிலையில்லாத வாழ்க்கை நடத்தும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு வேஷத்தையும் மூன்று பேர் கற்கட்டும். அன்று யார் இருக்கிறார்களோ அவர்கள் ஆடட்டும். தர்க்கத்தை மட்டும் தனியே எடுத்து விளையாட்டாகவே நடத்தலாம்: ஒருவன் நாரதர், ஒருவன் வள்ளி, கேள்விக்கு எதிர்க்கேள்வி. அதிகாரிகள் முன்னால் வாயடைத்து நின்று பழகியவன் இங்கே எதிர்வாதம் பேசுவான்.

உடலுக்கு ஒயிலாட்டம் கற்றுக்கொடுங்கள். வரிசையில் நின்று, கையில் துணி பிடித்து, அடவு போடுவது. புதிதாக வந்தவன் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டு முன்னால் இருப்பவனைப் பார்த்துப் பார்த்தே பிடித்துவிடுவான். யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. தொடுதலைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன்: அடவைத் திருத்துவதற்குக் கையைப் பிடிக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். நாடகப் பயிற்சிகளில் "கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுங்கள்" என்று தொடங்குவது வழக்கம். நடைமேடையில் தூங்கியவனுக்கு, அன்னியர் நடுவில் கண்ணை மூடுவது ஓய்வு ஆகாது. அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். ஒருவன் வாசல் ஓரத்திலேயே உட்கார்ந்து பார்ப்பேன் என்றால் பார்க்கட்டும். அவன் கையில் ஒரு ஜோடி கைத்தாளத்தைக் கொடுங்கள், போதும்.

எல்லாவற்றையும் நீங்களே கற்பிக்க முயல வேண்டாம். மாசி தொடங்கி ஆடி வரை நம் பக்கத்து நாட்டார் கலைஞர்கள் ஊர் ஊராக அலைவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பலருக்கு மேடை இருக்காது. அப்போது ஓர் ஒயிலாட்ட வாத்தியாரையோ, ஆர்மோனியக்காரரையோ, தப்பு (பறை) அடிப்பவரையோ அழையுங்கள். அவருக்கு ஊதியம் கொடுங்கள். நீங்கள் சம்பளம் வாங்காமல் செய்வது உங்கள் விருப்பம். அவருக்கு அது பிழைப்பு. உறவினர்களிடம் நன்கொடை கேட்பதாக இருந்தால் இதற்குக் கேளுங்கள். தப்பைக் கொண்டுவரும்போது ஒன்றுக்குத் தயாராக இருங்கள்: சாதியின் பேரால் அந்தக் கருவியைத் தொட மறுப்பவனும் இருப்பான், அதைக் கண்டதும் தலையைக் குனிந்துகொள்பவனும் இருப்பான். மழுப்பாமல், வாத்தியாரை முன்னிருக்கையில் உட்காரவைத்து, முதல் அடியை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைச் சோறு போட்டுத் தங்கவைத்து நாடகம் கற்பித்த வரலாறு மதுரைச் சீமைக்குப் புதிதில்லை. 1918-இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். பின்னாளில் நாடகத்தில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். தந்தையை இழந்த எம்.ஜி.ஆரும் அவர் அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தது வறுமையால்தான். அந்தக் கம்பெனிகள் பசித்த பிள்ளைகளுக்குப் பாட்டும் உச்சரிப்பும் கொடுத்தன. பிரம்படியும் கடுமையான ஒப்பந்தமும் இருந்த இடங்கள் அவை என்பதையும் மறக்கக் கூடாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் பயிற்சியில் வைத்த தரத்தை. பாவம், பிள்ளைகள் என்று சொல்லி அரைகுறையாகக் கற்றுக்கொடுக்காதீர்கள். சுருதி விலகினால் விலகியது என்று சொல்லுங்கள். திருத்துவதும் ஒரு மரியாதைதான்.

சினிமாவைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். 1940-களில் பட அதிபர் ஏ.வி. மெய்யப்பன் ஸ்டூடியோவையே நடத்திய ஊர் காரைக்குடி. இன்றும் நம் வீடுகளில் படப்பிடிப்பு நடக்கிறது. "அக்கா, சேர்த்துவிடுவீர்களா?" என்று கேட்டால், முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று வருகிறவனோடு தனியே போகாதே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உண்மையான ஆர்வம் தெரிகிற பையனுக்குச் சிவகங்கையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்று ஆண்டுப் படிப்பு. 12 முதல் 25 வயது வரை சேரலாம். நாதசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பாதியில் பள்ளியை விட்டவனுக்கு இது பெரிய வாசல்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பதினெட்டு வயது ஆகாதவர்களும் ஆனவர்களும் ஒரே இடத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிறார் நீதிச் சட்டம் 2015-இன்படி அந்தத் தங்குமிடம் பதிவு பெற்றிருக்கிறதா, சிறுவர்கள் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்தப்பட்டவர்களா, தூங்கும் இடம் தனித்தனியா என்று போகும் முன்பே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். உங்களைப் பற்றிப் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்டால் கோபப்படாமல் கொடுங்கள், கேட்காவிட்டாலும் கொடுங்கள். படம் எடுக்காதீர்கள், இணையத்தில் போடாதீர்கள். பராமரிப்பில் இருக்கும் சிறுவரை அடையாளம் காட்டுவதை அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. உங்கள் மேடைத் திட்டத்தை நான் மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யாராவது ஒரு சிறுவன் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்ல வந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். இதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெரியப்பச்சி வீட்டைப் பற்றி. முகப்பு, பட்டாசாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று அறை அறையாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள், தலைசாய்க்க ஓர் அறை இல்லாத பிள்ளையைக் கூட்டிப்போய் ஆடச் சொல்லப் போகிறீர்கள். ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்கும் நமக்குப் பெருமை. அவனுக்கு அது என்னவாக இருக்கும்? தங்குமிடத்தின் கூடமோ, பக்கத்துப் பள்ளி மண்டபமோ போதும். நிகழ்ச்சி வேண்டும் என்று பையன்களே கேட்டால் அங்கேயே வையுங்கள். யாரை அழைப்பது என்பதையும் அவர்களே சொல்லட்டும். மளிகைக் கடைக்காரரையும் பந்தி மேஸ்திரியையும் அழைக்க விரும்பலாம்.

ஆத்தாவின் அச்சத்தை ஒதுக்கித் தள்ளாதீர்கள். தனியாகப் போகாமல் இன்னொருவரை, ஆணாக இருந்தால் நல்லது, சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் என்று காலத்தை வரையறுங்கள். ஆறு மாதம் வேண்டாம். எட்டாவது வாரத்தின் தேதியை முதல் நாளே சுவரில் எழுதிவையுங்கள். "உங்களை விட்டுப் போகவே மாட்டேன்" என்று அன்பில் சொல்லிவிட்டு மூன்றாவது மாதம் நின்றுபோகிறவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். முடியும் நாளை முன்பே சொல்லி, அதுவரை ஒரு நாளும் தவறாமல் வருகிறவர்களை அவர்கள் பார்த்திருப்பது அரிது. எட்டு வாரம் முடிந்தபின், வேண்டுமென்றால் இன்னோர் எட்டு வாரம்.

பயிற்சிக்கு முன்னால் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். சுண்டலும் தேநீரும் போதும். பசித்த வயிற்றோடு தாளம் நிற்காது.

சலங்கை எடுத்துப் போகலாமா என்று கேட்டீர்கள். எடுத்துப் போங்கள். முதல் நாள் ஊர், பெயர், குடும்பம் என்று வட்டமாக உட்கார்ந்து அறிமுகம் செய்துகொள்ளும் வழக்கம் வேண்டாம். உங்கள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, சலங்கை கட்டி, ஒரு தில்லானாவை முழுமையாக, அரங்கத்தில் ஆடுவது போலவே ஆடிக் காட்டுங்கள். எதையும் எளிமையாக்க வேண்டாம். அவர்களில் ஒருவன் "இதைக் கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டால், பத்து ஆண்டு என்ற உண்மையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பரதத்தின் முதல் பாடமான தட்டடவின் முதல் வரிசையை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.