குளம் மறுபடி மூடியது ஏன்?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சுசீந்திரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒக்கிப் புயலைக் கண்ட மாவட்டம் இது. மேற்கே கடல் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது. நாங்கள் ஆறு பேர் நான்கு ஞாயிற்றுக்கிழமை ஊர்க்குளத்தில் இறங்கி ஆகாயத்தாமரையை வாரினோம். ஐப்பசி மழைக்குப் பிறகு பழையபடி மூடிவிட்டது. எல்லாமே கைவிட்டுப் போகிற நேரத்தில் ஒரு குளத்தோடு மல்லுக்கட்டி என்ன பயன்?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் உழைப்பில் குறையில்லை. அந்தச் செடியின் விதை சேற்றுக்குள் பதினைந்து, இருபது ஆண்டுகூட உயிரோடு கிடக்கும். கோடையில் நீர் இறங்கி, மழையில் சேறு மீண்டும் நனையும்போது முளைக்கும். விதையே வேண்டாம், ஒடிந்து மிதக்கும் தண்டு ஒன்று போதும். வெயிலும் சாக்கடை நீரும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஒரே தடவையில் இந்தக் குளம் சுத்தமாகாது. நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஏற்றுக்கொண்டால் வேலை செய்யும் முறையே மாறும்.

பூக்கும் முன் வாருங்கள். பூ வாடியதும் தண்டு வளைந்து தண்ணீருக்குள் போய் விதையைக் கொட்டிவிடும். காற்று எந்தக் கரைக்கு ஒதுக்குகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். வாரியதைக் கரையோரமே குவித்தால் அடுத்த மழை திரும்ப உள்ளே தள்ளும். பத்தடியாவது தள்ளிப் போடுங்கள். எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், நாலைந்து நாள் வெயிலில் சுருங்கிவிடும். பிறகு சாணிக் கரைசல் தெளித்து அடுக்கினால் உரமாகும். களைக்கொல்லி மட்டும் வேண்டாம்: செத்த செடி மூழ்கி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் மிதக்கும்.

கால்வாய் குளத்தில் சேரும் வாயில் காலி கேன்களைக் கட்டிய நைலான் கயிற்றைக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து மிதந்து வருவது அங்கேயே நிற்கும். எந்த வீட்டுச் சாக்கடை உள்ளே விழுகிறது என்று பார்த்து ஊராட்சியில் மனு கொடுங்கள். செடிக்குத் தீனி அதுதான். சம்பங்கோரையை மொத்தமாக அழிக்க வேண்டாம், நீலத் தாழைக்கோழி கூடு வைக்கும் இடம் அது.

கடலரிப்பை ஆறு பேர் நிறுத்த முடியாது. அந்தத் துக்கம் உண்மையானது, அதை மறைக்கவும் வேண்டாம். ஆனால் கடலுக்கான கணக்கைக் குளத்தின் தலையில் எழுதாதீர்கள். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. வலசை வரும் பறவைக்கு வேண்டியது திறந்த நீர், அது இந்த வருஷம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மழை விட்டு மூன்றாம் வாரம் கரையைச் சுற்றி நடந்து, இரண்டு விரல் உயர நாற்றுகளைப் பிடுங்குங்கள். அப்போது ஆறு பேர் தேவைப்படாது, இரண்டு பேர் போதும்.