தோழி ஜெயித்தாள், எனக்கு ஏன் அழுகை வருகிறது?

மதிப்பிற்குரிய மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு 24 வயது. கோவில்பட்டி பக்கம் ஒரு சிற்றூர். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பட்டா மாறுதல் மனு என்று நாள் முழுக்க அடுத்தவர்களுக்காக அடித்துக்கொண்டே இருப்பேன். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் என் கதை ஃபைலைத் திறந்து நாலு வரி சேர்ப்பேன். முதலாளி கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அந்த ஃபைலுக்கு 'பழைய பில்' என்று பேர் வைத்திருக்கிறேன்.

அப்பா இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார். தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியும். "எழுது தாயி, யாரு வேண்டாங்கா? ராத்திரி முழுக்க லைட்டப் போட்டுக்கிட்டு உக்காராத" என்பார். அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். கல்லூரி முடித்த வருடம் நானே கேட்டு ஆரம்பித்தது. அதோடு வாசகர் வட்டக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிப்பது, ஆளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்வது, மைக் பிடிப்பது எல்லாம் நான்தான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுவார்கள், மனு எழுதித்தரச் சொல்லி. முதியோர் உதவித்தொகை நின்றுபோனது, ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனது, இப்படி. காசு வாங்குவதில்லை.

சிறுகதைப் போட்டி அறிவிப்பு எது வந்தாலும் அனுப்பிவிடுவேன். 'வேறெங்கும் வெளிவராத சொந்தப் படைப்பு' என்று உறுதிமொழி எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, மெயில் போன பிறகு ஒரு மாதம் சந்தோஷமாக இருக்கும். பிறகு பட்டியல் வரும். ஒரு தடவை முதல் சுற்றில் என் பேர் இருந்தது. இறுதிப் பட்டியலில் இல்லை. கொஞ்ச நாளாக, போன தடவை ஜெயித்த கதைகளில் என்ன இருந்தது என்று பார்த்து அதே மாதிரி எழுதிப் பார்க்கிறேன். பாட்டி, வறட்சி, சொந்த ஊரை விட்டுப் போவது. எழுதும்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வருடம் ஒரு போட்டிக்கு, ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த தோழியும் எழுதினாள். அவள் நோட்டில் எழுதிக்கொண்டு வந்ததை நான்தான் கடையில் உட்கார்ந்து யூனிகோடில் அடித்துக் கொடுத்தேன். ஒற்றுப்பிழை பார்த்தேன். கடைசிப் பத்தி தேவையில்லை, அந்தப் பையன் கதவைத் திறக்கிற இடத்திலேயே முடித்துவிடு என்றேன். அப்படியே முடித்தாள். அவள் கதையையும் என் கதையையும் ஒரே சாயங்காலம் நானே அனுப்பினேன்.

அவளுக்கு முதல் பரிசு. என் பேர் எங்கும் இல்லை.

போன் செய்து வாழ்த்தினேன், வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். அப்புறம் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பரிசளிப்பில் அவள் ஆசிரியருக்கும் நூலகருக்கும் நன்றி சொன்னாள். என் பேரைச் சொல்ல மறந்துவிட்டாள், அது பெரிய விஷயமில்லை. அன்றிலிருந்து அவள் போன் வந்தால் எடுக்கக் கை வரவில்லை. ஞாயிறு வகுப்புக்கு இரண்டு வாரமாகப் போகவில்லை. ஏழாவது படிக்கிற பிள்ளை ஒருத்தி கடைக்கே வந்து, "எக்கா, ஒங்களுக்குப் பிரைஸ் கெடைக்கலயாமே, அதனாலயா வரல?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் நூலகத்தில் அவளுக்குப் பாராட்டு விழா. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க நூலகர் என்னைத்தான் கேட்டிருக்கிறார். மேடையில் நின்று சிரிக்க முடியுமா என்று பயமாக இருக்கிறது. உயிர்த்தோழி ஜெயித்ததற்கு வயிறெரிகிற நான் என்ன மனுஷி? எழுதுவதையே விட்டுவிடலாமா?

— பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

*

அன்புத் தங்கைக்கு,

முதலில் 'என்ன மனுஷி' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வந்திருப்பது பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைத்து உங்களைச் சமாதானப்படுத்தப் போவதில்லை. ஆனால் அது கெட்டவர்களுக்கு மட்டும் வருகிற குணம் இல்லை. ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதைத்தான் ஆராய்ந்தார். நமக்கு நெருக்கமான ஒருவர் ஜெயிக்கும்போது நாம் பூரிப்பதும் புழுங்குவதும், அவர் ஜெயித்த துறை நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறுத்தது என்றார். உங்கள் தோழி குரூப் 4 தேர்வில் தேறியிருந்தால் ஊர் முழுக்க மிட்டாய் கொடுத்திருப்பீர்கள். அவள் ஜெயித்தது கதையில். நீங்கள் உயிரை வைத்திருப்பதும் கதையில். முகம் தெரியாத ஒருவர் முதல் பரிசு வாங்கியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து கூட இருப்பவள் என்பதால்தான் இவ்வளவு வலி. பாசம் குறைந்து வந்த வலி இல்லை இது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. 'என் பேரைச் சொல்ல மறந்துவிட்டாள், அது பெரிய விஷயமில்லை' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அது பெரிய விஷயம்தான், தங்கையே. கதை எந்த இடத்தில் முடிய வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொல்வது பிழைதிருத்தம் அல்ல. ஒரு பத்தியை வெட்டு என்று சொல்லும் துணிச்சலும் கூர்மையும் எல்லா வாசகருக்கும் வந்துவிடாது. அவள் கதைக்கு அப்படி ஒரு வாசகி இருந்தாள். உங்கள் கதையை அனுப்புவதற்கு முன் யார் படித்தார்கள்? கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. 'பழைய பில்' என்ற பேருக்குள் ஒளிந்திருந்த கதை நேராக நடுவர்கள் மேசைக்குப் போயிருக்கிறது. உங்களை அழவைத்ததில் பரிசுக்குப் பாதிப் பங்கு என்றால், மீதிப் பாதி இதற்கு.

போட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரியில் நடந்த சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருந்திருக்கிறேன். மூன்று பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போட்டோம். நான் முதலிடம் கொடுத்த கதை மற்ற இருவரின் பட்டியலிலேயே இல்லை. ஒருவர் அதை மிகையுணர்ச்சி என்றார். மூன்று பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்த கதைக்குத்தான் கடைசியில் பரிசு போனது. 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்று விதிமுறையில் போடுகிறார்கள். அது அந்தப் போட்டியின் தீர்ப்பு மட்டும்தான். உங்களுக்கு எழுத வருமா வராதா என்று அந்தப் பட்டியலிடம் கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியை நாங்கள் மூவரும் யாரைப் பற்றியும் யோசித்ததுகூட இல்லை.

ஜெயித்த கதைகளைப் பார்த்து அதே மாதிரி எழுதுவதாகச் சொன்னீர்களே, எனக்கு மிகவும் கவலை தந்தது அதுதான். தெரேசா அமபிலி என்ற உளவியலாளர் 1985இல் 72 இளம் எழுத்தாளர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். எல்லோரும் முதலில் ஒரு சிறு கவிதை எழுதினார்கள். பிறகு ஒரு பிரிவினரிடம் பேர், பணம், பாராட்டு போன்ற காரணங்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். இன்னொரு பிரிவினருக்கு, எழுதுவதிலேயே கிடைக்கும் நிறைவு சார்ந்த காரணங்கள். மூன்றாவது பிரிவினருக்கு இந்த வேலையே இல்லை. பிறகு எல்லோரும் இன்னொரு கவிதை எழுதினார்கள். பேர் புகழை வரிசைப்படுத்தியவர்களின் இரண்டாவது கவிதைதான் தரம் இறங்கியிருந்தது. சில நிமிட நினைப்புக்கே அந்த விளைவு. நீங்கள் மாதக் கணக்கில் நடுவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள். எழுதும்போதே பிடிக்கவில்லை என்று உங்கள் மனம் சொன்னது சரி.

ஆகவே எழுதுவதை விட வேண்டாம். போட்டிகளை ஒரு வருடம் விடுங்கள். இதை வைராக்கியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அறிவிப்பு வந்தால் படித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், போதும். அந்த வருடத்தில் உங்கள் கடையைப் பற்றி எழுதுங்கள். அஞ்சலி போஸ்டருக்குப் போட்டோ தேடி, கடைசியில் ஆதார் அட்டையை நீட்டுகிற வீட்டார் உங்கள் கடைக்கும் வந்திருப்பார்கள். உதவித்தொகை நின்றுபோன கிழவி மனுவில் முதலில் எதைச் சொல்லச் சொன்னார் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் வட்டாரத்திலேயே ஒரு நட்பு இருந்தது, கேள்விப்பட்டிருப்பீர்கள். இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் சிறுவயதிலிருந்தே நண்பர்கள். அழகிரிசாமி முன்னாலேயே எழுத்தாளராகிவிட்டார். கி.ரா. கதை எழுத வந்தது முப்பது வயதைத் தாண்டிய பிறகு. அழகிரிசாமிக்குச் சாகித்திய அகாதெமி விருது, அவர் மறைந்த 1970ஆம் ஆண்டுக்கானது. கி.ரா.வுக்கு அதே விருது 1991இல். இடையில் 21 வருடம். நண்பனுக்கு முதலில் கிடைத்ததால் மற்றவருக்குக் கதவு மூடிவிடவில்லை. உங்களுக்கு வயது 24.

தோழியிடம் பேசுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், நேரில் போங்கள். "நீ ஜெயிச்சதுல எனக்குச் சந்தோஷம். எனக்குக் கிடைக்கலங்கிறது கஷ்டமாவும் இருக்கு. அன்னைக்கு என் பேரைச் சொல்லாதது இன்னும் வலிக்குது" என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் போனை எடுக்க மறுபடியும் கை வராது. பிறகு உங்கள் கதையை அச்செடுத்து அவள் கையில் கொடுங்கள். "நான் உன் கதையைப் படிச்ச மாதிரி நீ இதைப் படிச்சுச் சொல்லு" என்று கேளுங்கள். அவள் உதவியாகச் சொல்லக்கூடும், சொதப்பவும் கூடும். கேட்டுப் பழகுவது உங்களுக்கு அவசியம். கொடுத்தே பழகியவர்களுக்கு வாய்விட்டு ஒன்றைக் கேட்பது கூச்சமாக இருக்கும்.

ஊர் வேலையில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதையும் பார்த்துவிடலாம். ஞாயிறு வகுப்புக்கு வருகிற வாரமே போய்விடுங்கள். அந்தப் பிள்ளை கேட்டது கேலியில்லை, உங்களைத் தேடி வந்திருக்கிறாள். "ஆமா, கிடைக்கல, ரெண்டு வாரம் மனசு சரியில்ல, இப்ப வந்துட்டேன்" என்று பிள்ளைகளிடமே சொல்லுங்கள். ஒரு பெரியவர் தோற்றுவிட்டுத் திரும்பி வருவதை அவர்கள் பார்க்கட்டும். மனுக்களையும் விடச் சொல்லமாட்டேன், நேரத்தை மட்டும் வரையறுங்கள். நோட்டீஸ், போன், மைக் மூன்றும் வேறு ஆளுக்குப் போகலாம். ஊரில் யாரிடம் சொன்னால் வேலை நடக்குமோ அவரிடமே எல்லாம் வந்து சேரும், நீங்களாக இறக்கிவைக்காதவரை அது குறையாது. இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். எழுத உட்காரப் பயமாக இருந்த நாட்களில், இந்த வேலைகள் உங்களுக்கு ஒதுங்க இடம் தந்தனவா? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம்.

தூக்கம், சாப்பாடு பற்றி நீங்கள் எழுதவில்லை. அழுகை அடங்காமல் நீடித்தாலோ, ராத்திரி தூங்க முடியாவிட்டாலோ, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு தலைகாட்டினாலோ, தாமதிக்காமல் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம்.

பாராட்டு விழாவுக்குப் போங்கள். பார்வையாளர்களோடு உட்கார்ந்து கைதட்டுங்கள். தொகுத்து வழங்க வேண்டாம். ஆறாத காயத்தோடு ஒன்றரை மணி நேரம் மேடையில் சிரிக்கச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. நூலகரிடம் காரணம் விளக்க வேண்டியதில்லை, "இந்த தடவை வேற யாராவது பேசட்டும் சார்" என்பது போதும். ஆனால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் அவர் ஆளுக்கு அலைவார், அதைப் பார்த்து மனம் இளகி நீங்களே மைக்கை வாங்கிவிடுவீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்