கல்லமேட்டு எலும்புகள்: மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பதிலளிப்பவர்: ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர், மதுரை

மேலூரிலிருந்து: ஐயா, எங்கள் கிரானைட் குவாரிகளில் இவ்வளவு ஆழம் தோண்டியும் ஒரு டைனோசர் எலும்புகூடக் கிடைக்கவில்லையே, ஏன்?

இன்னும் எவ்வளவு ஆழம் போனாலும் கிடைக்காது. மேலூர், கீழவளவுப் பாறைகளும் நம் யானைமலையும் பூமியின் அடியாழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலே இருந்தவை அரித்துப் போன பிறகு வெளியே தெரிந்தவை. அவை சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. டைனோசர்கள் தோன்றியதோ ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். எலும்பு நிலைக்க வேண்டுமானால் ஆற்று மணலோ சேறோ அதை விரைந்து மூட வேண்டும். மூடிய படிவும் பிறகு பெரிதாக உருமாறாமல் இருக்க வேண்டும்.

திருப்புவனத்திலிருந்து: அப்படியானால் நமக்கு அருகில் எங்கே பார்க்கலாம்?

சிவகங்கைப் பக்கம் கிரெட்டேசியஸ் காலத்தின் (ஏறக்குறைய 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான, டைனோசர்களின் கடைசிக் காலம்) தொடக்கத்தைச் சேர்ந்த படிவுப் பாறைகளும் அவற்றில் இலைத் தடங்களும் உண்டு. டைனோசர் வேண்டுமென்றால் திருச்சியைத் தாண்டி அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டுக்குத்தான் போக வேண்டும்.

திருமங்கலத்திலிருந்து: அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல் சிப்பிகள் அல்லவா கிடைக்கின்றன? கடலுக்குள் டைனோசர் எப்படி வந்தது?

கடலுக்குள் வரவில்லை, கடல்தான் விலகியது. கிரெட்டேசியஸ் காலத்தில் அப்பகுதியில் கடல் பலமுறை உள்ளே புகுந்து பின்வாங்கியிருக்கிறது. சிமெண்டு ஆலைகள் வெட்டியெடுக்கும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் தடித்த சிப்பிகள் குவிந்திருப்பது ஆழமற்ற கடலின் அடையாளம். அதற்கு மேல் அடுக்கில் வரும் கல்லமேட்டு மணற்கல்லும் களிமண்ணும், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கடல் பின்வாங்கிய நிலத்தில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்தவை.

மதுரை, கல்லூரி மாணவி: உலகிலேயே மிகப் பெரிய டைனோசர் கல்லமேட்டில் கிடைத்தது என்பது உண்மையா?

உண்மையாக இருக்கலாம், நிரூபிக்க முடியாது. யாதகிரி, அய்யாசாமி என்ற இந்திய ஆய்வாளர்கள் 1980களின் பிற்பகுதியில் இடுப்பு, தொடை, கீழ்க்கால் எலும்புகள் உள்ளிட்ட சிலவற்றை விவரித்து, அவ்விலங்குக்குப் புருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டார்கள். முதலில் அதை ஊனுண்ணியாகக் கருதினார்கள். பின்னர் பிற ஆய்வாளர்கள், நீண்ட கழுத்துடைய தாவர உண்ணிகளான சாரோபாட்களின் வகையில் சேர்த்தார்கள். கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர் என்று பதிவாகியுள்ளது. மாபெரும் விலங்கென அறியப்பட்ட அர்ஜென்டினோசாரஸுக்கு அது ஏறக்குறைய 1.55 மீட்டர்தான். இந்த அளவை நம்பி 2023இல் வெளியான ஒரு மதிப்பீடு, எடையை 110 முதல் 130 டன் வரை கணக்கிட்டது. நீலத்திமிங்கிலத்தோடு போட்டியிடும் எடை அது!

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. எளிதில் உதிரும் மண்ணில், நொறுங்கும் நிலையில் இருந்த அவை ஆய்வகம் போய்ச் சேருவதற்குள்ளேயே சிதைந்துவிட்டன. எஞ்சியவை வரைபடங்களும், 2022இல் வெளியிடப்பட்ட பழைய ஒளிப்படங்களும்தாம். ஒரு காலத்தில் அவை எலும்பே அல்ல, கல்லாகிய மரத்துண்டுகள் என்று ஐயுற்றவர்களும் உண்டு. ஒளிப்படங்கள் வந்த பிறகு அந்த ஐயம் பெரிதும் தளர்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால், ‘மிகப் பெரியது’ என்று பெருமை பேசுவதைவிட அதே மண்ணைத் தொடர்ந்து சலித்துப் பார்ப்பது மேல். அங்கே கிடைத்த ஒரு சிறு பல், அதுவரை வடக்குக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த ட்ரூடான்டிட் என்னும், பறவை போன்ற சிறு டைனோசர் வகையைச் சேர்ந்தது என 2013இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பல் கையில் இருப்பதால் அதை மறுபடியும் சோதிக்கலாம். மாபெரும் கால் எலும்பை அப்படிச் சோதிக்க வழியில்லை.

உசிலம்பட்டியிலிருந்து: பெரம்பலூர் மாவட்டத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் செய்தி வந்ததே?

2020இல் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைக் கற்களைப் பற்றிய செய்தி அது. பார்வையிட்ட வல்லுநர்கள் முட்டை இல்லை என்றார்கள். கடற்சேற்றில் ஓர் உயிரெச்சத்தைச் சுற்றித் தாதுக்கள் படிந்து இறுகினால் இத்தகைய உருண்டைகள் உண்டாகும். முட்டையாக இருந்தால் மெல்லிய ஓடும் அதில் நுண்துளைகளும் நுண்ணோக்கியில் தெரிய வேண்டும். உருண்டை வடிவம் மட்டும் சான்றாகாது.

வாடிப்பட்டி, பள்ளி ஆசிரியர்: மாணவர்களை அழைத்துச் சென்றால் எதைக் காட்டலாம் ஐயா?

அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் உள்ளது, அங்கிருந்து தொடங்குங்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடந்த இடத்திலேயே பாதுகாக்கப்படுகிறது. சுரங்கத்துக்குள் செல்வதாயிருந்தால் நிர்வாகத்திடம் முன்னதாக எழுத்தில் அனுமதி பெற வேண்டும். வெளியில் எதையாவது கண்டால் பெயர்த்தெடுக்காமல், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்; எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாத படிவத்தால் ஆய்வாளருக்குப் பயன் மிகக் குறைவு.